கடலைச் சாக்லேட்டும் இரண்டு விசிலும்

ஸ்லோ குக்கரின் மூடியை ஒன்றரை மணி நேரத்துக்கு யாரும் தொடக் கூடாது. அது கண்டக்டரம்மா போட்ட சட்டம். வீட்டில் அவளைத் தவிர வேறு ஆளே கிடையாது, ஆக சட்டம் போட்டவளும் அவள்தான், அதற்கு அடங்கி நடக்க வேண்டியவளும் அவள்தான். இருந்தாலும் வாய்விட்டுச் சத்தமாகவே சொல்லிக்கொண்டாள். இருபத்தாறு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி "உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று கத்திப் பழகிய தொண்டை. மெல்லப் பேசுவது எப்படி என்று அதற்குத் தெரியாது.

மணி இரண்டு. நாலு மணிக்கு அண்ணன் வருவார். சும்மா வரமாட்டார், அண்ணியோடும் ஒரு கடிதத்தோடும் ஒரு வேனோடும் வருவார். கடிதம் வீட்டுக்காரருக்கு. பத்தொன்பது வருஷமாக வாடகைக்குக் குடியிருக்கும் இந்த மூன்றாம் மாடி வீட்டை நான் மாதக் கடைசியில் காலி செய்கிறேன் என்று அவள் சொல்வதாக அண்ணனே உட்கார்ந்து எழுதியது. வேன் அவளுடைய சாமான்களுக்கு. சாமான்களோடு அவளும் போய்ச் சேர வேண்டிய இடம் அண்ணன் வீட்டுப் பின் அறை. அந்த அறையை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கையை நீட்டினால் தொடலாம், வேறு எதையும் பார்க்க முடியாது.

இவ்வளவுக்கும் காரணம் அரை லிட்டர் பால். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் எழுந்தபோது வலது கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி, மாத்திரை, பந்தைப் பிடித்து அழுத்தும் பயிற்சி என்று அலைந்ததில் கை பாதி திரும்பி வந்தது. மீதிப் பாதி நடுக்கமாக நின்றுவிட்டது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. போன மாதம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, டிப்போவில் கூட வேலை பார்த்தவளோடு போனில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் பரவியது. எதிர் வீட்டுத் தையற்காரிக்கு வாடை போய்ச் சத்தம் போட்டாள். ஜன்னலைத் திறந்தார்கள், அடுப்பை மூடினார்கள், கதை முடிந்தது. யார் வீட்டில்தான் பால் பொங்கவில்லை, சொல்லுங்கள். ஆனால் அந்தத் தையற்காரி, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

அங்கேதான் வினை. அண்ணன் முப்பத்து நாலு வருஷம் தீயணைப்புத் துறையில் இருந்து, நிலைய அதிகாரியாக ஓய்வு பெற்றவர். அவர் கண்ணுக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருள்கள்தான் உண்டு: எரிகிற பொருள், இனிமேல் எரியப் போகிற பொருள். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வந்து அடுப்பைக் கழற்றினார். சிலிண்டரைத் தூக்கினார். தீப்பெட்டி, மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் பையில் போட்டார். நடுங்குகிற கைக்கு ஆகாது என்று கத்திகளையும் போட்டார். பதிலுக்கு ஒரு வாளி நிறைய மணலைச் சமையலறை மூலையில் வைத்தார். விழுந்துவிட்டால் எதிர் வீட்டைக் கூப்பிட வேண்டும் என்று, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த அவளுடைய பழைய விசிலை எடுத்து அவர் கையாலேயே அவள் கழுத்தில் மாட்டினார். போகும்போது மாற்றுச் சாவியையும் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து மூன்று வேளையும் கடையிலிருந்து வரும் டப்பாச் சாப்பாடு. எந்த டப்பாவைத் திறந்தாலும் ஒரே வாசனை.

போன ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டைக் காலி செய்யும் பேச்சை எடுத்தார். "உன்னால தனியா ஒரு டம்ளர் வெந்நீர் வைக்க முடியுமா? நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

கண்டக்டரம்மாவுக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். வாயைக் கொடுத்துவிட்டாள். "அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு வா. தீ இல்லாம, புகை இல்லாம, இன்னொரு மனுஷர் கை படாம, நானே ஒண்ணு செஞ்சு உன் கையிலயும் அண்ணி கையிலயும் வைக்கறேன். வச்சுட்டேன்னா இந்தப் பேச்ச இதோட விட்டுடணும்."

"வைக்க முடியலன்னா?"

"உன் கடுதாசில கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அண்ணன் சிரித்தார். "கையெழுத்தா? இந்தக் கைய வச்சுக்கிட்டா? நான் ஸ்டாம்பு பேட் எடுத்துட்டு வரேன், கைநாட்டு வச்சா போதும்."

அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவர் கேலிக்குத்தான் சொன்னார், அது கண்டக்டரம்மாவுக்கும் தெரியும். ஆனால் அந்த வார்த்தை சுருக்கென்று தைத்துவிட்டது. இருபத்தாறு வருஷம் தினமும் நாலு டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டவளுக்குக் கைநாட்டு. அன்று ராத்திரி டப்பாச் சாப்பாடு அப்படியே இருந்தது. அவள் தொடவில்லை.

அடுப்பில்லை, கத்தியில்லை, பாதிக் கையும் இல்லை. வீம்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை. என்னத்தைச் செய்வது? கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி கிடந்தது. ஓய்வு பெற்ற அன்று டிப்போவில் எல்லாருமாகச் சேர்ந்து வாங்கித் தந்த ஸ்லோ குக்கர். சோறு வடிக்கிற குக்கர் என்று நினைத்து வாங்கிவிட்டார்கள், பாவம். மூன்று வருஷமாகப் பெட்டியைப் பிரிக்கவேயில்லை. இப்போது இழுத்துப் பிரித்தாள். உள்ளே கனமான பீங்கான் பாத்திரம், கண்ணாடி மூடி, கரண்டில் செருகும் வெளிச்சட்டி, ஒரு செய்முறைப் புத்தகம். புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினாள். இதற்கு வெங்காயம் நறுக்க வேண்டும், போ. இதற்கு மாவு பிசைய வேண்டும், போ. கடைசிப் பக்கத்தில்தான் அந்தக் கடலைச் சாக்லேட் இருந்தது. வறுத்த கொட்டைகளை அடியில் போடு, சாக்லேட்டை உடைத்து மேலே போடு, குறைந்த சூட்டில் வை. கிண்டாதே. திறக்காதே. ஒன்றரை மணி நேரம் சும்மா இரு.

கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிற சமையல் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததேயில்லை. தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

ஆனால் அதுவும் எடுத்த எடுப்பில் படியவில்லை. செவ்வாய்க்கிழமை வேர்க்கடலையைச் சுத்தமாக இருக்கட்டும் என்று கழுவிப் போட்டாள். ஈரம் பட்டதும் சாக்லேட் வெடுக்கென்று முறுக்கிக்கொண்டு, கரண்டி இறங்காத சிமெண்டுக் கலவையாகத் திரண்டுவிட்டது. ஆத்திரத்தில் அலமாரியில் இருந்த இனிப்புக் கெட்டிப்பால் டின்னை எடுத்து, எக்கேடோ கெட்டுப் போ என்று அதன் தலையில் கவிழ்த்துக் கிண்டினாள். கிண்டக் கிண்ட அது மறுபடி இளகிக்கொண்டு வந்தது. பளபளவென்று ஆகிவிட்டது. ஆறியதும் மெத்தென்று துண்டு போடக்கூட வந்தது. சாக்லேட்டுக்கும் கொஞ்சம் விட்டுக் கொடுக்கிற குணம் உண்டு என்று அப்போது தெரிந்துகொண்டாள். அடுத்த நாளே கடையில் இரண்டு டின் வாங்கி வைத்தாள்.

வியாழக்கிழமை கடலையைக் கழுவவில்லை. ஆனால் மூடியின் உள்பக்கம் ஆவி சேர்ந்து, ஒவ்வொரு சொட்டாக உள்ளே விழுந்து, ஓரமெல்லாம் மணல் மணலாகப் போனது. வெள்ளிக்கிழமை ஒரு காய்ந்த பருத்தித் துண்டைப் பாத்திரத்தின் வாயில் விரித்து அதன் மேல் மூடியை வைத்தாள். ஆவியைத் துண்டு குடித்துக்கொண்டது. அன்று வந்த சாக்லேட்டைத் தையற்காரிக்குக் கொடுத்தாள். அவள் வாயில் ஊசியோடு, ஊசியை எடுக்காமலே, இரண்டு தின்றாள்.

இன்றைக்கும் அதே முறைதான். வறுத்துத் தோல் நீக்கிய கடலை அரைக் கிலோ, முந்திரி ஒரு கை. கறுப்புச் சாக்லேட் பாளங்களையும் பால் சாக்லேட் பாளங்களையும் துணிப்பையில் போட்டு முடிந்து, இடது கையால் ஓங்கித் தரையில் அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் கைநாட்டு, கைநாட்டு என்று சொல்லிக்கொண்டாள். தூள் தூளாக உடைந்தது. எல்லாவற்றையும் பாத்திரத்தில் கொட்டி, துண்டை விரித்து, மூடியை வைத்து, விசையைக் குறைந்த சூட்டுக்குத் திருப்பினாள். தட்டின் மேல் பட்டர் பேப்பரை விரித்துத் தயாராக வைத்தாள்.

மூன்று மணிக்கெல்லாம் வீடு முழுக்க வாசனை. டப்பாச் சாப்பாட்டு வாடை போன இடம் தெரியவில்லை. வருகிறவர்கள் முன்னால் பழந்துணியோடு நிற்கக் கூடாது என்று உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உடுப்பு மாற்றினாள். ஒரு கையால் பொத்தான் போடுவதென்றால் நேரமாகத்தானே செய்யும்.

அண்ணனுக்கு நேரத்துக்கு வருவது என்றால் முக்கால் மணி நேரம் முன்னாலேயே வருவது. உத்தியோகம் கொடுத்த பழக்கம். அண்ணி படியேற முடியாமல் இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவர் காத்திருக்கவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு நேரே சமையலறைக்குள் வந்தார். வந்தவர் கண்ணில் முதலில் பட்டது அந்தத் துண்டு.

நீங்களும் நானும் பார்த்தால் துண்டு. அவர் பார்த்தால் கரண்டில் கொதிக்கும் சட்டி மேல் கிடக்கும் துணி. முப்பத்து நாலு வருஷத்தில் இதே மாதிரி எத்தனை துணி, எத்தனை சமையலறை. மூளை யோசிப்பதற்குள் கை வேலையை முடித்துவிட்டது. ஒரே இழுப்பில் பிளக்கைப் பிடுங்கினார். துண்டை உருவினார், மூடி எகிறியது. உள்ளே கறுப்பாக ஏதோ கிடக்கிறது, லேசாக ஆவி வருகிறது. பக்கத்தில் குடிநீர் ஜாடி. எடுத்தார், ஊற்றினார். பாதி பாத்திரத்துக்குள்ளே, பாதி மேடையெல்லாம்.

ஜாடியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள். ஒரு பொத்தான் இன்னும் போட்டிருக்கவில்லை.

ஓடிப்போய் மேலே நின்ற தண்ணீரை முடிந்தவரை சிங்கில் வடித்தாள். மிச்சம் அவள் கண் முன்னாலேயே உள்ளே சுருங்கி இறுகியது. பளபளப்பு போய், கொரகொரவென்று, சாலை போடுகிறவர்கள் மிச்சம் வைத்துவிட்டுப் போன கலவை மாதிரி ஆனது. அவளுக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. இவர் முன்னால் அழுவதற்குப் பதில் கைநாட்டே வைத்துவிடலாம் என்று பல்லைக் கடித்து அடக்கினாள்.

"துணியப் போட்டு மூடி வச்சிருக்க" என்றார் அண்ணன். அவருக்கும் மூச்சு வாங்கியது. "சூட்டு மேல துணி. கொஞ்சமாவது யோசிச்சியா?"

"மூடியில சேர்ற ஆவி உள்ள சொட்டக் கூடாதுன்னு போட்ட துணி அது. ஒரு சொட்டு தண்ணி விழுந்தாலும் கெட்டுப் போயிடும்னு போட்டது. நீ ஜாடியோட கவுத்துட்ட."

அண்ணி அப்போதுதான் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். மேடையைப் பார்த்தாள், ஜாடியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "தீயே இல்லாத இடத்துலயும் போய் அணைச்சுட்டு வந்தீங்களா?" என்றாள்.

அண்ணன் காது சிவந்தது. தப்பு என்று தெரிந்தால் குரலை இன்னும் உயர்த்துகிற சாதி மனிதர் அவர். "சரி, ஊத்திட்டேன். யார் மேல தப்புங்கறது வேற விஷயம். ஆனா பந்தயம்னா பந்தயம். செஞ்சு கையில வைக்கறேன்ன, வைக்க ஒண்ணும் இல்ல. விடு, இதுக்கெல்லாம் மனசக் கஷ்டப்படுத்திக்காத." சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கடிதத்தை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் பிரித்து வைத்தார். பக்கத்தில் ஸ்டாம்பு பேட்டையும் வைத்தார். நிஜமாகவே கொண்டுவந்திருந்தார் மனிதர்.

அந்த ஊதா நிறப் பெட்டியைப் பார்த்ததும் வந்துகொண்டிருந்த அழுகை நின்றுவிட்டது.

"மணி என்ன?" என்றாள்.

"மூணு இருபது."

"நாலு மணின்னுதானே பேச்சு?"

"ஆமா."

"அப்ப உக்காரு."

அலமாரியிலிருந்து கெட்டிப்பால் டின்னை எடுத்தாள். செவ்வாய்க்கிழமைக் கூத்து அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். பிளக்கை மறுபடி செருகினாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்து டின்னை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கினாள். டின் ஓப்பனரின் பல்லை விளிம்பில் பதிக்க இடது கை. அதன் காதைத் திருகுவதற்கு வலது கைதான் வேண்டும், வேறு வழியில்லை. வலது கை வந்தது. நடுங்கிக்கொண்டு வந்தது. ஒரு திருகல், வழுக்கியது. மறுபடி பதித்தாள். இன்னொரு திருகல்.

அண்ணனால் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. "கொண்டா இப்படி" என்று எழுந்து இரண்டு அடி வைத்தார்.

அவள் கழுத்தில் தொங்கிய விசிலை வாயில் வைத்து ஒரே ஒரு தடவை ஊதினாள். அந்தச் சின்னச் சமையலறையில் காது அடைத்துப் போனது. அண்ணன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார். ஒரு விசில் என்றால் நிறுத்து. பஸ்ஸே நிற்கும், அண்ணன் எம்மாத்திரம்.

"இன்னொரு மனுஷர் கை படக் கூடாது" என்றாள் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு. "அதான் பேச்சு."

அண்ணி அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

டின் பாதிதான் திறந்தது. அது போதும். வாயை நெம்பிவிட்டு, பாலைக் கரண்டி கரண்டியாகத் தோண்டிப் பாத்திரத்தில் போட்டாள். மடியில் கொஞ்சம் கொட்டியது, போகட்டும். மூன்று தடவை ஓப்பனர் விரலைக் கிழித்துவிடப் பார்த்தது, அதுவும் போகட்டும். எழுந்து நின்று, நடுங்கும் கையால் பாத்திரத்தின் காதைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் கிண்ட ஆரம்பித்தாள். முதலில் கரண்டி நகரவே மறுத்தது. தோள்பட்டை வலித்தது, நெற்றியில் வேர்வை வழிந்தது. சும்மா இருக்கச் சொன்ன சமையல், இவர் புண்ணியத்தில் மல்யுத்தமாகிவிட்டது.

அப்புறம் அண்ணன் பேசினார். அவர் குரல் அவ்வளவு இறங்கி அவள் கேட்டதில்லை.

"நான் உன்ன அடக்கி வைக்க வரல. எத்தனையோ பேர் வீட்டுக் கதவ நான் உடைச்சிருக்கேன். உள்ள என்ன கிடக்கும்னு தெரிஞ்சே உடைச்சிருக்கேன். தெனம் ராத்திரி படுத்தா உன் கதவுதான் கண்ணு முன்னாடி வருது. அத உடைக்க எனக்குத் தெம்பு இல்ல."

அவள் கை நின்றது. சின்ன வயதில் ஒரே போர்வைக்குச் சண்டை போட்ட ஆள். பயந்தால் கத்துவார், அவள் பயந்தால் அவளும் கத்துவாள், ஒரே வார்ப்பு. அவளுக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. அவரை நிறையப் பிடிக்கவும் செய்தது. ஆனால் அதற்காகப் பின் அறைக்குப் போக முடியுமா?

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள். "அந்தப் பால் பொங்கின நாள்ல இருந்து இருக்கு. ஆனா பயந்துக்கிட்டு என் வீட்டுலயே இருக்கேன். உன் வீட்டுப் பின் ரூம்ல தைரியமா இருந்து என்ன பண்ணப் போறேன்? சுவத்தப் பாக்கவா?"

அவர் கையிலிருந்த மாற்றுச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கதவ உடைக்க வேணாம். சாவி உன்கிட்டயே இருக்கட்டும். ஆனா தட்டிட்டு வா. நான் வந்து திறக்கறேன். திறக்கலன்னா மட்டும் சாவியப் போடு."

மறுபடி கிண்டினாள். பத்து நிமிஷத்தில் கரண்டி கொஞ்சம் வழிவிட்டது. இன்னும் ஐந்து நிமிஷத்தில் கொரகொரப்பு அடங்கியது. ஓரத்திலிருந்து மெல்ல மெல்லப் பளபளப்பு ஏறி வந்து, கடலையையும் முந்திரியையும் மேலே போர்த்திக்கொண்டது. அண்ணி மேஜையிலிருந்தே எக்கிப் பார்த்து "அட" என்றாள்.

கொட்டி வைக்க பட்டர் பேப்பரை எடுத்தால், அது ஜாடித் தண்ணீரில் ஊறி இரண்டாகக் கிழிந்து வந்தது. வீட்டில் வேறு தாளில்லை. கண்டக்டரம்மா ஒரு கணம் சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு மேஜைக்குப் போனாள். வீட்டுக்காரருக்கு எழுதிய கடிதத்தை எடுத்தாள், எழுதின பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் கவிழ்த்துப் போட்டாள், வெள்ளைப் பக்கத்தில் நிதானமாக வெண்ணெய் தடவினாள்.

"அது நான் ரெண்டு தடவ எழுதின கடுதாசி" என்றார் அண்ணன்.

"நல்ல தாளா வாங்கியிருக்க. கிழியல."

கரண்டியால் அள்ளி அள்ளி வைத்தாள். கடையில் விற்கிற மாதிரி அளவாகவெல்லாம் வரவில்லை. ஒன்று உருண்டை, ஒன்று சப்பை, ஒன்றில் முந்திரி மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வந்தது. மிச்சத்தை ஒரு கிண்ணத்தில் வழித்தாள். தட்டை ஃப்ரீசரில் வைத்துக் கதவைச் சாத்தும்போது மணி மூன்று நாற்பத்தைந்து.

அந்தப் பதினைந்து நிமிஷமும் அவள் உட்காரவில்லை. பால்கனிக்குப் போய் நின்றாள். கீழே தெருவோரத்தில் வேன் நின்றிருந்தது. ஓட்டுகிற இடத்தில் இருந்த ஆளைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய பழைய டிரைவர். சாமான் சேதமாகாமல் ஓட்டுவான் என்று அண்ணன் தேடிப் பிடித்திருக்கிறார். பதினொரு வருஷம் ஒரே பஸ், ஒரே தடம். அவள் ஒரு விசில் அடித்தால் நிறுத்துவான், இரண்டு அடித்தால் எடுப்பான். கண்ணாடியில் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டான். வேலையை விட்டு வேன் வாங்கியிருக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தாள். அண்ணாந்து அவளைப் பார்த்துவிட்டு ஒரு கும்பிடு போட்டான். முகத்தில் சிரிப்பில்லை. எதற்கு வந்திருக்கிறோம் என்று அவனுக்கும் தெரியும் போல.

சரியாக நாலு மணிக்குத் தட்டை வெளியே எடுத்தாள். தொட்டுப் பார்த்தாள். இறுகியிருந்தது. கடக்கென்று உடைகிற இறுக்கமில்லை, ஆனால் கையில் எடுத்தால் நிற்கும். ஒன்றை எடுத்து அண்ணி கையில் வைத்தாள். இன்னொன்றை எடுத்து அண்ணன் கையில் வைத்தாள். வலது கையாலேயே வைத்தாள். அது நடுங்கியது, ஆனால் கீழே போடவில்லை.

அண்ணி கடித்தாள், கண்ணை மூடினாள், இரண்டாவதற்குக் கையை நீட்டினாள். அண்ணன் ஆராய்ச்சி செய்வது போல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு வாயில் போட்டார். மென்றார். மெல்ல மெல்ல அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நன்றாக இல்லை என்று சொல்ல ஒரு வழி தேடினார், வாய் ஒத்துழைக்கவில்லை. விரலைக்கூடச் சப்பிவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு தொண்டையைச் செருமினார். "ஆனா ஒண்ணு. இன்னொரு மனுஷர் கை படக் கூடாதுன்னு சொன்ன. நான் தண்ணி ஊத்தினேன். அப்ப என் கை பட்டுடுச்சு. முறைப்படி பாத்தா..."

"உங்க கை பட்டுத்தான் கெட்டுது" என்றாள் அண்ணி, வாயில் சாக்லேட்டோடு. "அத உங்க உதவின்னு வேற எழுதிக்கப் போறீங்களா?"

"நான் என்ன சொல்றேன்னா, கடுதாசிய அடுத்த வாரம் பாத்துக்கலாம். அவசரமில்ல. ஆனா வேன் வந்தது வந்துடுச்சு. சும்மா எதுக்குத் திருப்பி அனுப்பணும்? பீரோவ மட்டும் இன்னிக்கு ஏத்திடுவோம். எப்படியும் ஒரு நாள் வரத்தானே போற."

இதுதான் அண்ணன். முழு வீட்டையும் கேட்டால் கிடைக்காது என்று தெரிந்ததும் பீரோவைக் கேட்கிறார். இன்றைக்குப் பீரோ, அடுத்த ஞாயிறு கட்டில், அதற்கடுத்த ஞாயிறு தரையில் படுக்கும் தங்கச்சி. அவள் மறுத்துப் பேசவில்லை. பேசிப் பேசித்தான் இந்த ஒரு வாரமும் போனது. விரலில் ஒட்டியிருந்த சாக்லேட்டை நிதானமாகத் துண்டில் துடைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். விசிலை வாயில் வைத்தாள்.

இரண்டு தடவை ஊதினாள். நீளமாக, தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி, பழைய பஸ்ஸின் பின்படியில் நின்று ஊதுவது மாதிரி.

கீழே வேன் உறுமியது. டிரைவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி, வளைத்து, வேனைத் தெருவுக்குள் எடுத்து, காலியாகவே ஓட்டிக்கொண்டு போனான். முனையில் திரும்புகையில் ஹாரனை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனான். அந்தச் சத்தம் அவளுக்குப் பரிச்சயமான சத்தம்.

அண்ணன் பால்கனிக்கு ஓடி வந்தபோது தெருவில் புகைகூட இல்லை.

"ஏய், வேன் போயிடுச்சு."

"போயிடுச்சு."

"நான் வாடகைக்குப் பேசிக் கூட்டிட்டு வந்த வேன். இப்ப நானும் உங்க அண்ணியும் எப்படி வீட்டுக்குப் போறது?"

கண்டக்டரம்மா உள்ளே வந்து, கடிதத்தின் மேல் மிச்சமிருந்த சாக்லேட்டுகளில் நாலைப் பெயர்த்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடி, அவர் கையில் கொடுத்தாள்.

"பஸ்ல போ. நாலு இருபதுக்கு ஒண்ணு இருக்கு. ஏறினதும் உள்ள போயிடு, படியில நிக்காத."